கட்டளைக்கல்லும் மனச்சான்றும்

பழைய நகையை விற்க வருபவரை நகைக்கடையில் எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம். புது நகை வாங்க வருவோர் உறவும் சுற்றமும் சூழ, பேச்சும் சிரிப்புமாக வருவர். விற்க வருபவரோ பெரும்பாலும் தனியே வருவார். ஓர் ஓரத்தில் நின்று, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, ஒரு சங்கிலியையோ, துணையிழந்த ஒற்றைத் தோட்டையோ, நெளிந்துபோன வளையலையோ கண்ணாடிப் பலகைமேல் வைப்பார். மகளின் கல்லூரிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு, மறைந்த தாயின் நகையைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தேவை, அல்லது இனி யாரும் அணிய விரும்பாத பழைய வேலைப்பாடு எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதற்கு என்ன தருவீர்கள்?"

இக்கேள்வியில் ஒரு விந்தை இருக்கிறது. சந்தையில் பொருளை வைத்திருப்பவரே விலை சொல்வார். வாங்க வந்தவர் பேரம் பேசுவார். பழைய நகையில் இம்முறை தலைகீழாகிறது. வாங்குபவரே விலை சொல்கிறார். உடைமைக்காரர் காத்து நிற்கிறார். காரணம் எளிது. நகையின் விலை மூன்றைச் சார்ந்தது: அன்றைய தங்க விலை, நகையின் எடை, தங்கத்தின் மாற்று. முதலாவதை நாளேடு சொல்லிவிடும். இரண்டாவதைத் தராசு காட்டிவிடும். மூன்றாவதை மட்டும் கண்ணால் காண இயலாது. அதை அறிந்தவர் பலகைக்கு அப்பால் இருக்கிறார். அறியாதவர் இப்பால் நிற்கிறார். அறிந்தவர் அறியாதவருக்கு எந்த அளவுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்னும் வினாவுக்கு மானிடர் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர். அத்தேடலில் நம் திருச்சபைக்கும் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

மதுரை வீதியில் ஒரு சிலம்பு

தமிழர்க்கு இக்கதை புதிதன்று. நம் மொழியின் முதற்பெருங்காப்பியமே பழைய நகை ஒன்றை விற்கச் சென்றவனின் துயரத்தில்தான் உச்சம் பெறுகிறது. பொருளை இழந்த கோவலன், மனைவியை ஆயர் குடியில் மாதரியின் அடைக்கலத்தில் விட்டு, அவள் காற்சிலம்புகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மதுரை நகரின் வீதிக்குள் நுழைகிறான். எதிரே அரண்மனைப் பொற்கொல்லன் பரிவாரத்தோடு வருகிறான். அவனிடம் கோவலன் கேட்பது, இச்சிலம்புக்கு உன்னால் விலை மதிப்பிட முடியுமா என்பதே. விலை அறியாத அயலூரான், விலை அறிந்தவனை நம்புகிறான். அரசியின் சிலம்பை முன்னரே களவாடி வைத்திருந்த பொற்கொல்லன் அந்த நம்பிக்கையைத் தன் குற்றத்தை மறைக்கும் திரையாக்கிக் கொள்கிறான். அரசன் ஆராயவில்லை, கோவலன் வெட்டுண்டு மடிகிறான்.

பின்னர் அரசவையில் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அங்கே உண்மையை நிலைநாட்டியது சோதனையே. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்ததும் உண்மை தெறித்து விழுந்தது. அச்சோதனை ஒரு நாள் முன்னதாக நடந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். விலை சொல்வதற்கு முன் சோதிக்க வேண்டும். அதுவும் உடைமைக்காரரின் கண்முன் சோதிக்க வேண்டும். காப்பியத்திலிருந்து நாம் பெறக்கூடிய பல பாடங்களுள் இதுவும் ஒன்று.

கல்லும் தராசும்

பொன்னின் மாற்றைக் காண மனிதன் கண்ட முதற்கருவி ஒரு கருங்கல். பொன்னை அதில் உரைத்தால் ஒரு கோடு விழும். மாற்று அறிந்த பொன் ஊசிகளாலும் அருகருகே கோடிழுத்து நிறத்தை ஒப்பிட்டால், சோதிக்கும் பொன்னில் செம்போ வெள்ளியோ எவ்வளவு கலந்திருக்கிறது என்று பழகிய கண் கூறிவிடும். கோட்டின்மேல் அமிலத்தைத் தடவினால் தாழ்ந்த உலோகம் கரைந்து மறையும், பொன் நிற்கும். இக்கல்லை உரைகல் என்றும் கட்டளைக்கல் என்றும் நம் முன்னோர் வழங்கினர். மதுரை மாநகரின் அங்காடியில் பொன்னை உரைத்துக் காண்போர் இருந்ததை மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. மனிதரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்று திருவள்ளுவர் உவமை காட்டினார். படிப்பவர் எல்லாரும் அக்கல்லை அறிந்திருந்ததால்தான் அந்த உவமை சென்று தைத்தது.

கருவி பிறந்தபோதே கருவியை ஏமாற்றும் கலையும் பிறந்தது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பொன் அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்தில், உரைகல்லிலும் தராசிலும் நிகழும் சூழ்ச்சிகளை வரிசையாக எடுத்துரைக்கிறது. பழைய நகைகளைக் கையாளும்போது பொன்னைத் திருடும் நான்கு வழிகளைத் தனியே பெயர் சொல்லியும் காட்டுகிறது: தட்டுதல், வெட்டுதல், சுரண்டுதல், தேய்த்தல். புது நகையைவிடப் பழைய நகையிலேயே திருட்டு எளிது என்பதை அந்நூலார் நன்றாக உணர்ந்திருந்தார். பழைய நகை ஏற்கெனவே தேய்ந்தது; இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் யார் அறிவார்?

முறையாக நிறுப்பது எப்படி என்பதற்கும் நம் மண்ணில் சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறித்த கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட அணிகலன்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லாலும், மணிகள் பதித்த அணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுத்ததாக அவை கூறும். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்ணிய அளவு வரை கணக்கு இறங்குகிறது. முத்துகளைக் கோத்த சரடு போன்றவற்றை நீக்கி நிறுத்தமையும், அரக்கு இருக்குமிடத்தில் அதைச் சொல்லி நிறுத்தமையும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பொன் எவ்வளவு, பொன்னல்லாதது எவ்வளவு என்பதை ஊரறியப் பிரித்துச் சொல்வதே நேர்மையான கணக்கு. இன்று பழைய நகை விற்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே.

வாங்குபவன் குரல்

திருவிவிலியம் இரட்டை எடைக்கற்களை வன்மையாகக் கண்டிக்கிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரு எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது இணைச்சட்டம் (25:13). கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள் நூல் (11:1). இறைவாக்கினர் ஆமோசின் சினமும் நாம் அறிந்ததே (8:5). இவற்றைப் படிக்கையில் ஏமாற்றும் வணிகன் எப்போதும் விற்பவனே என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நீதிமொழிகள் நூலில் நாம் அதிகம் கவனியாத ஒரு வசனம் உண்டு (20:14). அதில் பேசுபவன் வாங்குபவன். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இது நன்றாக இல்லை, இது நன்றாக இல்லை என்று மீண்டும் மீண்டும் பழிக்கிறான். வாங்கிக்கொண்டு அப்பால் போனதும் தன் திறமையை மெச்சிப் பெருமை பேசுகிறான். பழைய நகையின் விலை பேசப்படும் இடங்களில் இக்குரலை இன்றும் கேட்கலாம். "பழைய வேலை, பொடி அதிகம், உருக்கினால் ஒன்றும் தேறாது."

இவ்வாறு சொல்வது சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் சிக்கல் பெரிதாகிறது. உண்மையான குறையைச் சொல்வது வாங்குபவரின் உரிமை. இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைப்பது களவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை விற்பவரால் காண இயலாது. வாங்குபவரின் மனச்சான்று ஒன்றே அதைக் காணும்.

புனித அகுஸ்தினார் 'மூவொரு இறைவன்' பற்றிய தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில் ஒரு நகைச்சுவை நடிகனின் கதையைக் கூறுகிறார். மக்கள் அனைவரின் மனத்தில் உள்ளதையும் நாளை அரங்கில் சொல்வேன் என்று அவன் அறிவித்தானாம். மக்கள் திரண்டனர். நீங்கள் அனைவரும் குறைந்த விலைக்கு வாங்கவும் அதிக விலைக்கு விற்கவும் விரும்புகிறீர்கள் என்றான். கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் அகுஸ்தினார் அந்த ஆரவாரத்தோடு நின்றுவிடவில்லை. தாம் அறிந்த ஒரு மனிதரை மறுசான்றாக நிறுத்துகிறார். அவரிடம் ஒருவன் ஒரு கையெழுத்துச் சுவடியை விற்க வந்தான். அதன் மதிப்பை அறியாமல் மிகக் குறைந்த விலையைக் கேட்டான். வாங்கியவரோ, விற்பவன் எதிர்பாராத நியாயமான முழு விலையையும் கொடுத்தார். கேட்டதற்கு மேல் கொடுத்த அம்மனிதரின் பெயரை அகுஸ்தினார் சொல்லவில்லை.

பித்தளை என்று பொன்னை விற்றவன்

பண்டைய உரோமைச் சட்டத்தில் விற்பவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. தியோக்கிளேசியன் பேரரசர் பெயரால் வழங்கும் விதிப்படி, நியாய விலையில் பாதிக்கும் குறைவாகப் பெற்று நிலத்தை விற்றவர், அந்த விற்பனையை மாற்றக் கோரலாம். இடைக்காலத்துச் சட்ட அறிஞர்கள் இவ்விதியை மற்ற விற்பனைகளுக்கும் விரிவாக்கினர். ஆனால் பாதி என்னும் அளவு மிகத் தளர்ந்த வலை. அதன் கண்களூடே சிறு அநீதிகள் எல்லாம் நழுவிப் போய்விடும்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றுகளை ஆராயும்போது இதைக் கவனித்தார். மனிதச் சட்டம் பெரிய அநீதிகளை மட்டுமே தண்டிக்கும், சிறியவற்றை விட்டுவிடும். இறைச்சட்டமோ அறத்துக்கு முரணான எதையும் விட்டுவைக்காது. ஆகவே விலையில் நிகழ்ந்த வேறுபாடு குறிப்பிடத்தக்கதாயின், கூடுதலாகப் பெற்றவர் மற்றவருக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்.

அதே பகுதியில் அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு நேராகவே பொருந்துகிறது. ஒருவன் தன் பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்ந்தது என்று நம்புகிறான். பொன்னைப் பித்தளை போன்ற மலிந்த உலோகம் என எண்ணி விற்கிறான். வாங்குபவனுக்கு அது பொன் என்று தெரியும். அப்படியானால் அவன் அநியாயமாக வாங்குகிறான். திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவனாகிறான். "அவரே கேட்ட விலைதானே" என்னும் வழக்கமான வாதத்துக்கு அங்கே இடமில்லை. அறியாமையால் இசைந்தவரின் இசைவு, அறிந்தவரின் குற்றத்தைக் கழுவிவிடாது.

மற்றொரு நுட்பத்தையும் அக்குவினார் சுட்டுகிறார். ஒரு பொருள் வாங்குபவருக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காகவே விற்பவர் விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அத்தேவை வாங்குபவருடையது. தமக்கு உரிமையில்லாததை எவரும் விற்க இயலாது. இதைத் திருப்பிப் பார்ப்போம். மருத்துவமனையில் கணவரைக் கிடத்திவிட்டு மாலைக்குள் பணம் வேண்டும் என்று ஓடி வரும் பெண்ணின் அவசரம், வாங்குபவரின் உடைமை ஆகுமா? அந்த அவசரத்தின் பேரில் ஆயிரம் உரூபாயைக் குறைப்பவர், தமக்கு உரிமையில்லாத ஒன்றிலிருந்து இலாபம் எடுக்கிறார்.

நீதி இரு பக்கமும் பாயும் என்பதையும் மறத்தலாகாது. பொருளில் உள்ள மறைவான குறையை அறிந்தே மறைத்து விற்பவரும் குற்றவாளியே என்கிறார் அக்குவினார். உள்ளே அரக்கு நிறைந்த நகையைக் கெட்டித் தங்கம் என்று சொல்லி விற்க முயல்வோரும் உண்டு. நியாய விலை என்பது விற்பவரின் ஆசையும் அன்று. வாங்குபவரின் சாமர்த்தியமும் அன்று. பொருளின் உண்மையே அதை நிறுக்கும்.

இரண்டு அரியணைகள்

பொற்கொல்லரை எல்லாம் ஐயத்தோடு நோக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. பொற்கொல்லரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித எலிஜியுஸ் அவ்வையத்தைப் போக்கும் சான்று. பிரான்சு நாட்டின் லிமோஜ் நகருக்கருகே ஏறத்தாழ 588இல் பிறந்த அவர், பொன் வேலையில் தேர்ந்தவர். அரசர் இரண்டாம் குளோத்தார், பொன்னும் மணியும் இழைத்த அரியணை ஒன்றைச் செய்வதற்கான பொன்னை அவரிடம் கொடுத்தார். குறித்த நாளில் எலிஜியுஸ் ஓர் அரியணையைக் கொண்டுவந்தார். அரசர் வியந்து பாராட்டியதும், மற்றோர் அரியணையையும் கொண்டுவந்து வைத்தார். எஞ்சிய பொன்னில் அதையும் செய்ததாகக் கூறினார். கொடுத்த பொன்னில் பெரும்பங்கு 'சேதாரம்' என்று போயிருந்தாலும் அரசருக்குத் தெரிந்திருக்காது. அந்த அறியாமையைத் தம் வருவாய் ஆக்கிக்கொள்ள மறுத்ததே அவருடைய புனிதத்தின் தொடக்கம். பின்னர் தம் செல்வத்தை அடிமைகளை மீட்பதில் செலவிட்ட அவர், நோயோன் நகரின் ஆயரானார்; 660இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருநாள் டிசம்பர் 1.

இரக்கத்தின் குன்றுகள்

ஆனால் எல்லாப் பொற்கொல்லரும் எலிஜியுஸ் ஆவதில்லை. தனிமனிதரின் நேர்மையை மட்டும் நம்பி ஏழைகளை விட்டுவிட இயலாது என்று உணர்ந்தவர்கள், 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவியர். அவர்களுடைய மறையுரைகளின் பயனாக நகர்தோறும் பொது அடகு நிலையங்கள் எழுந்தன. 'மோந்தே தி பியத்தா' என்பது அவற்றின் பெயர். இரக்கத்தின் குன்று என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1462இல் பெரூஜியா நகரில் தொடங்கியது அவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெல்த்ரே நகரின் அருளாளர் பெர்னர்தினோ (1439-1494) இவற்றைப் பல நகரங்களில் பரப்பினார்.

அவற்றின் நடைமுறை எண்ணத்தக்கது. ஏழை ஒருவர் தம் நகையையோ ஆடையையோ கொண்டுவருவார். உறுதிமொழி ஏற்ற மதிப்பீட்டாளர் விலை மதிப்பார். அம்மதிப்பில் ஒரு பங்கு கடனாகக் கிடைக்கும். நிலையத்தின் செலவுக்கென்று சிறு வட்டி உண்டு. குறித்த காலத்தில் மீட்காவிட்டால் பொருள் பொது ஏலத்தில் விற்கப்படும். கடனும் வட்டியும் போக எஞ்சிய தொகை உடைமைக்காரருக்கே திருப்பித் தரப்படும். இந்தக் கடைசி விதியில்தான் அறம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் தவறுதலாகவோ அச்சத்தாலோ குறைத்து மதிப்பிட்டிருந்தாலும், பலர் கூடி விலை கேட்கும் திறந்த ஏலம் அதைத் திருத்திவிடும். திருந்திய விலையின் பயன், பொருளை இழந்த ஏழைக்கே சேரும். ஒருவர் மட்டும் அறிந்து சொல்லும் விலையை ஊர் அறிந்து சொல்லும் விலையாக மாற்றியதே அவர்களின் சாதனை.

சிறு வட்டி பெறுவதும் பாவமே என்று சில இறையியலார் எதிர்த்தனர். ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் 1515ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர், செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பெறுவது முறையே என்று தீர்ப்பளித்து இந்நிலையங்களை ஏற்றார். பாரிசில் அம்மரபில் எழுந்த நிறுவனம் இன்றும் நகராட்சியின் அடகு நிலையமாக இயங்குகிறது. பாரிசு மக்கள் அதை 'என் அத்தை' என்று செல்லமாகச் சொல்வதுண்டு. மெக்சிகோ நகரில் 1775இல் தொடங்கிய நிலையமும் இன்றும் நடைபெறுகிறது.

இவ்வரலாற்றின் நிழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரக்கத்தின் குன்றுகளை ஆதரித்துப் பேசிய மறையுரைகள் பலவற்றில், வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த யூத மக்கள்மீது வெறுப்பும் கலந்திருந்தது. பெர்னர்தினோவின் உரைகளும் அதற்கு விலக்கல்ல. பிற தொழில்கள் பலவற்றில் கதவடைக்கப்பட்டதால் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்கள் அம்மக்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதருக்கு எதிரான பகைமையை வெளிப்படையாகக் கண்டித்தது. ஏழைக்கு நியாயம் தேடும்போது வேறொருவர்மீது அநியாயம் இழைக்கும் சோதனை எக்காலத்திலும் உண்டு.

சிறுத்தைத் தலை

இங்கிலாந்து வேறு வழியைத் தேர்ந்தது. 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம், பொன் வேலை 'பாரிசு உரை'க்குத் தாழக் கூடாது என்று விதித்தது. அக்காலப் பொற்கொல்லர் மாற்றை உரைகல்லின் கோட்டால் அறிந்ததற்கு அச்சொல்லே சான்று. தொழிற்குழுவின் மேற்பார்வையாளர் கடைகடையாகச் சென்று சோதித்து, தகுதியான பொருள்மேல் சிறுத்தைத் தலை முத்திரையைப் பதித்தனர். 1478 முதல் பொருள்களை இலண்டன் பொற்கொல்லர் மன்றத்துக்கே கொண்டுசென்று முத்திரை பெற வேண்டியதாயிற்று. மன்றம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஹால். அதிலிருந்து பிறந்ததே நாம் இன்று வழங்கும் 'ஹால்மார்க்' என்னும் சொல்.

முத்திரையின் பெரும்பயன் முதல் விற்பனையில் மட்டுமன்று, இரண்டாம் விற்பனையிலும் தெரியும். வாங்கியவரின் பேத்தி ஐம்பது ஆண்டுகள் கழித்து அதை விற்கச் செல்லும்போதும், முத்திரை அவளுக்காக வாதாடும். பலகைக்கு அப்பால் மட்டும் இருந்த அறிவு, நகையின்மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்த வசதி வெகு தாமதமாகவே வந்தது. 1962 சீனப் போருக்குப் பின், 1963 சனவரியில் பொன் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. புது நகைகள் 14 காரட்டுக்கு மேற்படக் கூடாது என்ற ஆணை பல்லாயிரம் பொற்கொல்லர் குடும்பங்களை வறுமையில் தள்ளியது. 14 காரட் வரம்பு 1966இல் நீக்கப்பட்டாலும், கட்டுப்பாடு 1968ஆம் ஆண்டுச் சட்டமாகத் தொடர்ந்து, 1990இல்தான் நீங்கியது. தங்க நகைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை 2000ஆம் ஆண்டில் விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் படிப்படியாக அது கட்டாயமாயிற்று. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் தரப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அவ்வடையாளம் பெற்ற முத்திரை நகைகளையே அத்திட்டத்தின்கீழ் வரும் கடைகள் விற்க வேண்டும் என்றாயிற்று. 22 காரட் நகையில் காணும் 916 என்னும் எண், ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம் என்பதைக் குறிக்கிறது.

ஆனால் நம் தாய்மார்களின் பெட்டிகளில் உறங்கும் நகைகளில் பல, இம்முத்திரை பிறப்பதற்கு முன் செய்யப்பட்டவை. அவற்றை விற்பது சட்டப்படி குற்றமன்று. ஆயினும் அவற்றின் மாற்றைச் சொல்ல நகையில் எழுத்தில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். கல்லோ அரக்கோ இல்லாத மூன்று பவுன் சங்கிலி, 24 கிராம். அது 22 காரட் என்றால் அதிலுள்ள தூய தங்கம் 22 கிராம். "20 காரட்தான் நிற்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது 20 கிராம் ஆகிறது. ஒரே சொல்லில் இரண்டு கிராம், அதாவது கால் பவுன், கைமாறிவிடுகிறது. அச்சொல் உண்மையாகவும் இருக்கலாம். பழைய நகைகளில் பற்றவைத்த பொடியால் மாற்றுக் குறைவது இயல்பு. எது உண்மை என்று அறிவது எப்படி?

முன்னோர் விட்டுச்சென்ற பாடங்களே இங்கே கைகொடுக்கும். கண்முன் நிறுக்கச் சொல்லலாம். கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதைத் தனியே எழுதித் தரக் கேட்கலாம். ஒரே கடையோடு நில்லாமல் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்பது, இரக்கத்தின் குன்றுகள் கண்ட திறந்த ஏலத்தின் சிறு வடிவமே. அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தம் நகையைச் சோதித்து அறிக்கை பெறலாம். இன்றைய ஊடுகதிர்க் கருவி நகையைச் சிதைக்காமல் நொடியில் மாற்றைக் காட்டும். ஆனால் அது மேற்பரப்பையே படிக்கிறது என்பதால், உட்பகுதியில் ஐயம் எழுந்தால் உருக்கிச் சோதிப்பதே முடிவான வழி. உருக்கினால் நகை மீண்டும் நகையாகாது. எனவே உருக்குவதற்கு முன்பே விலை பேசும் முறையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா என்பதையும் அறிந்திருந்தால், வீண் ஏமாற்றமும் வீண் ஐயமும் குறையும். அடகு வைத்த நகையை விற்க நேர்ந்தால், கடன் போக மிஞ்சிய தொகையை உடைமைக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 176ஆம் பிரிவில் கூறுகிறது. அந்த மிச்சத்தைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

நான்கு மடங்கு

கட்டளைக்கல், எடைக்கல், முத்திரை, கதிர்க் கருவி என்று மனிதன் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளைக் கண்டதற்கு ஒரே காரணம், மனிதனை மனிதன் முழுதும் நம்ப இயலாமல் போனதே. கருவிகள் வேண்டும், அவை ஏழையின் ஊன்றுகோல். ஆயினும் அவற்றைக் கையில் பிடிப்பவர் மனிதரே. கருவியில் தெரியும் எண்ணை வாய் திறந்து சொல்வதா, குறைத்துச் சொல்வதா என்பதை எந்தக் கருவியும் முடிவு செய்வதில்லை.

நகைத் தொழிலில் நம் மக்கள் பலர் இருக்கிறார்கள். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பழைய நகையை வாங்கிக்கொள்வோர் அவர்களைவிடப் பலர். மாமியாரின் வளையலை மருமகள் விலைக்கு எடுத்துக்கொள்கிறாள். கடன்பட்ட தம்பியின் மோதிரத்தை அண்ணன் வாங்குகிறான். "நம் வீட்டுக்குள்தானே" என்று அங்கே சோதனையும் கிடையாது, எடையும் கிடையாது. அநீதிக்கு மிகவும் வசதியான இடம் அதுவே. அங்கே அகுஸ்தினார் கண்ட அந்தப் பெயரில்லாத மனிதரை நினைவுகூர்வோம்; விற்பவர் கேட்டது குறைவு என்றால், கேட்காததையும் சேர்த்துக் கொடுப்போம்.

சக்கேயு காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி வந்தபோது, ஆண்டவர் இயேசு அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. அவனே எழுந்து நின்று, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). யாரிடம், எப்போது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும்.